ஆமையின் ஸ்லைடு

பிப்ரவரி 3

லேசர் பிரிவுப் பொறுப்பாளர் அவர்களுக்கு,

உங்கள் லேசரின் குளிரூட்டியைப் பழுதுபார்க்க வந்த சர்வீஸ்காரர் போன வாரம் இங்கேயும் ஒரு வேலையாக வந்தார். பேச்சுவாக்கில் ஒன்று சொன்னார். தினமும் காலையில் உங்கள் மைக்ராஸ்கோப்பில் முதல் வேலையாக இன்னமும் அந்தப் பழைய சோதனை ஸ்லைடைத்தான் வைக்கிறீர்களாம். ஓரத்தில் சிவப்பு நகப்பூச்சு பூசிய ஸ்லைடு.

அதில் இருப்பவை என் மனைவியின் கன்னத்து உட்புறச் செல்கள் என்பது உங்களுக்குத் தெரியும். லேசர் படப்பட அதன் சாயம் வெளுத்துக்கொண்டே போகும் என்பதும் தெரியும். உங்கள் தங்கை உடம்பில் இந்த உலகத்தில் மிச்சம் இருப்பது அந்தக் கண்ணாடித் துண்டில் ஒட்டியிருப்பது மட்டும்தான். அதைத் தினம் கொஞ்சமாக எரித்துக்கொண்டிருக்கிறீர்கள்.

நிறுத்திவிட்டு, பதிவுத் தபாலில் எனக்கு அனுப்பிவைக்கவும். என் மகள் பெரியவளானதும் அவளிடம் கொடுக்க வேண்டும்.

தொலைபேசியில் அழைக்க வேண்டாம். எடுக்க மாட்டேன்.

இப்படிக்கு,
வாலுவின் அப்பா

•

பிப்ரவரி 9

மாப்பிள்ளை அவர்களுக்கு,

உறையைப் பிரித்து "லேசர் பிரிவுப் பொறுப்பாளர் அவர்களுக்கு" என்று படித்ததும், ஏதோ பதவி உயர்வு வந்துவிட்டது என்று ஒரு நிமிடம் நெஞ்சை நிமிர்த்திவிட்டேன். இங்கே என்னை யாரும் அப்படிக் கூப்பிடுவதில்லை. டைரக்டர் பெரியவர் கூப்பிடுவது "ஏய், இருட்டு ரூம்!" என்றுதான். அவர் இப்போது தலைக்குச் சாயம் அடிக்கிறார், தெரியுமா? நம் சாயம் லேசரில் வெளுக்கும், அவருடையது வியர்வையில் வெளுக்கிறது. கூட்டம் முடிந்து எழுந்தால் நாற்காலித் துணியில் கறுப்பாக ஒரு வட்டம். அந்த நாற்காலியில் அடுத்து யார் உட்காருவது என்பதுதான் இப்போது எங்கள் ஆராய்ச்சி.

சரி, வளவளவென்று பேசுகிறேன். விஷயத்துக்குப் பயந்தால் எனக்கு வாய் நீளும் என்று உங்களுக்குத் தெரியும்.

ஒரு காலத்தில் நீங்களும் நானும் வாடா போடா என்று பேசிக்கொண்டவர்கள். நீங்கள் "நீங்கள்" என்றால் நானும் "நீங்கள்" என்பேன். ரோஷத்தில் எங்கள் வீட்டார் யாருக்கும் குறைந்தவர்கள் இல்லை.

அந்த ஸ்லைடு பிறந்த நாளை மறந்திருந்தால் ஞாபகப்படுத்துகிறேன். இந்த மைக்ராஸ்கோப்பை முதன்முதலில் ஓட்டிக் காட்ட வேண்டிய நாள். விருந்தாளிகள் சட்டை மடிப்புக் கலையாமல் வரிசையாக நிற்கிறார்கள், படம் வர வேண்டிய மாதிரி வரவில்லை. பெரியவர் என்னை முறைக்கிறார், நான் உங்களை முறைக்கிறேன், நீங்கள், உங்கள் கையால் கட்டிய ஒளித்துளி எண்ணும் பெட்டியை முறைக்கிறீர்கள். என் தங்கை ஆமை மட்டும் அலட்டிக்கொள்ளவில்லை. டீ கலக்கும் மரக்குச்சியால் தன் கன்னத்தின் உட்புறத்தைச் சுரண்டினாள், கண்ணாடியில் தடவினாள், சாயம் ஏற்றினாள். மேலே மெல்லிய கண்ணாடியை மூடி, டெலிபோன் ஆபரேட்டர் அம்மாவிடம் கடன் வாங்கிய நகப்பூச்சால் ஓரத்தை அடைத்தாள். அது காயும்வரை பொறுக்காமல் கட்டைவிரலால் அழுத்தி, ஒரு மூலையில் அசிங்கமாக ஒரு தீற்றல். அவள் பிறந்ததிலிருந்து அவசரப்பட்டது அந்த ஒரு தடவைதான். நான் அதற்கும் திட்டினேன். நீங்கள் திட்டவில்லை. எல்லோரும் ஸ்லைடைப் பார்த்துக்கொண்டிருந்தபோது நீங்கள் ஸ்லைடு செய்தவளைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். "மச்சான்" என்ற வார்த்தை அன்றைக்கே உங்கள் தொண்டைவரை வந்துவிட்டது.

அன்றிலிருந்து எங்கள் எல்லா அளவுகளும் அந்த ஸ்லைடை நம்பித்தான் நடக்கின்றன. காலையில் அது வழக்கமான கணக்கைச் சொன்னால் கருவிக்கு உடம்பு நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். ஆகவே அனுப்ப இயலாது. இது அலுவலகப் பதில்.

வீட்டுப் பதில் வேறு. மற்றவர்கள் வருவதற்கு முன்னால், கதவைச் சாத்திக்கொண்டு, அவளை லேசரால் ஒரு தட்டுத் தட்டுகிறேன். அவள் பதில் சொல்கிறாள். அதற்குப் பிறகுதான் எனக்கு நாள் நகர்கிறது. கடைசி நாளில் வரக்கூடாது என்று என்னை ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே நிறுத்தினீர்கள். சொந்தத் தங்கை முகத்தைப் பார்க்க விடவில்லை. இப்போது அவள் கன்னத்துத் துணுக்கையும் பார்க்கக்கூடாதா?

மச்சான்

பின்குறிப்பு, வாலுவுக்கு: மாமா என்ன வேலை செய்கிறார் என்று கேட்டுக்கொண்டே இருப்பாயே, கேள். லேசர் ஒரு விரல் மாதிரி. ஸ்லைடில் ஒவ்வொரு புள்ளியாக, வரிசை வரிசையாகத் தட்டிக்கொண்டே போகும். தட்டியதும் சாயம் உடனே மினுங்காது. துளித் தாமதம் செய்துவிட்டு ஒரு ஒளித்துளியை வெளியே விடும். அந்தத் தாமதத்தை அளப்பதுதான் மாமா வேலை. சாப்பிடக் கூப்பிட்டால் உன் அம்மா "இதோ வர்றேன்" என்பாளே, அதற்கும் அவள் வருவதற்கும் நடுவில் ஒரு நேரம் இருக்குமே, அது மாதிரி. ஆனால் இது நொடியை நூறு கோடித் துண்டாக வெட்டி அதில் மூன்று நான்கு துண்டு. உன் அம்மாவைவிட வேகம்தான்.

•

பிப்ரவரி 16

மச்சான் அவர்களுக்கு,

வராந்தாவைப் பற்றி இனி எழுத வேண்டாம். கதவை அறைந்து சாத்திக்கொண்டு போனது நீங்கள்.

கருவியைச் சோதிக்கச் சாயக் கரைசல் கடையில் கிடைக்கிறது. ஒரு சொட்டு போதும். அதற்கு என் மனைவி தேவையில்லை.

பின்குறிப்பை வாலுவிடம் காட்டுவதாக இல்லை. ஆனால் மேஜையில் வைத்திருந்ததை அவளே எடுத்துப் படித்துவிட்டாள். பதிலும் எழுதிவிட்டாள். அதை நான் கிழித்துப் போடுவது முறையில்லை என்பதால் இணைத்திருக்கிறேன். ஸ்லைடை அனுப்பவும்.

வாலுவின் அப்பா

(இணைப்பு: கோடு போட்ட தாளில், பென்சிலால்)

மாமா, இப்பவும் அம்மா அதே அளவு லேட்டாதான் பதில் சொல்றாங்களா? படம் அனுப்புங்க. நல்லா வெளிச்சமா இருக்கணும். வாலு.

•

மார்ச் 2

மாப்பிள்ளை,

இந்தக் கடிதத்தை வாலு கண்ணில் படாமல் வையுங்கள். மேஜையில் வேண்டாம். உங்கள் மேஜை நம்பகமானது இல்லை.

அவள் படம் கேட்டாள். பெண் குழந்தை முதன்முதலாக ஒன்று கேட்கிறது, மாமன்காரன் கொடுக்க வேண்டாமா? எடுத்தேன். மங்கலாக இருந்தது. இத்தனை வருடம் தட்டியதில் சாயம் வெளுத்து, செல்கள் இருக்கிற இடமே சந்தேகமாகத் தெரிந்தது. "வெளிச்சமா இருக்கணும்" என்று எழுதியிருக்கிறாளே, இதை எப்படி அனுப்புவது? லேசர் குமிழைக் கொஞ்சம் திருகினேன். இதைத் தாண்டாதே என்று நீங்கள் ஒட்டிவிட்டுப் போன காகித நாடா இன்னும் அங்கேதான் இருக்கிறது. தாண்டினேன். படம் பளிச்சென்று வந்தது. அந்த வட்ட வட்டச் செல்கள், நடுவில் உட்கரு, எல்லாம் முதல் நாள் பார்த்த மாதிரி.

ஆனால் தாமதக் கணக்கு குறைந்திருக்கிறது.

கருவிக் கோளாறு என்று மறுநாள் பார்த்தேன். படம் மறுபடி மங்கியிருந்தது, மறுபடி திருகினேன். படம் நன்றாக வந்தது, தாமதம் இன்னும் குறைந்தது. இந்த இரண்டு வாரமும் இதே கதை. காலையில் ஒரு தடவை, மதியம் ஒரு தடவை, சமயத்தில் சாப்பாட்டை விட்டுவிட்டும். கண்ணாடியைத் துடைத்தேன், கேபிளை மாற்றினேன், டீ மெஷினோடு ஒரே மின் இணைப்பில் இருக்கிறதே என்று டீ மெஷினைப் பிடுங்கிவிட்டு அலுவலகம் முழுவதிடமும் திட்டு வாங்கினேன். டெலிபோன் ஆபரேட்டர் அம்மா என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார். நான் கவலைப்படவில்லை என்று சொன்னால் பொய். ஊர் வம்பு எல்லாம் எனக்கு அவர் வழியாகத்தான் வரும்.

ஆமை அவசரப்படுகிறாள், மாப்பிள்ளை. எதற்கும் அசையாமல் ஒரே நிதானத்தில் பதில் சொல்லிக்கொண்டிருந்தவள், என்னை எப்படியாவது அனுப்பிவிட வேண்டும் என்கிற மாதிரி வெடுக்கென்று பேசுகிறாள். சாயம் உள்ளுக்குள் கெட்டுவிட்டதா? செல் அழுகுகிறதா? உங்கள் பெட்டி கொடுத்த வரைகோட்டுத் தாள்களை இணைத்திருக்கிறேன். அந்தப் பெட்டியைக் கட்டியவர் நீங்கள். உங்களைவிட்டால் கேட்க எனக்கு ஆள் இல்லை. சண்டையை நான் வாபஸ் வாங்கவில்லை, அது தனி.

வாலுவுக்கு என்ன எழுதுவது? "ஆமாம் கண்ணு, அதே அளவு லேட்டுதான்" என்று எழுதலாம் என்று உட்கார்ந்தேன். எத்தனையோ புளுகியிருக்கிறேன். இது கையில் வரவில்லை.

மச்சான்

•

மார்ச் 8

மச்சான் அவர்களுக்கு,

தாள்களைப் பார்த்தேன். சாயம் கெடவில்லை. செல் அழுகவில்லை. கெட்டது உங்கள் புத்தி. முதல் வருட மாணவன் செய்கிற தவறு இது. செய்தால் அவனை வாசலில் நிறுத்தி நீங்களே திட்டுவீர்கள்.

உங்களுக்குத் தெரிந்ததைத்தான் எழுதுகிறேன். அந்தப் பெட்டி ஒரு தட்டுக்கு ஒரே ஒரு ஒளித்துளியைத்தான் உள்ளே விடும். முதலில் வந்த துளியின் நேரத்தைக் குறித்துக்கொண்டு கதவைச் சாத்திவிடும். அதனால்தான் நூறு தட்டுக்கு ஒன்றிரண்டு துளி வருகிற அளவுக்கு வெளிச்சத்தைக் குறைத்து வைப்பது, அதற்குத்தான் நாடா. நீங்கள் வெளிச்சத்தைக் கூட்டியதும் ஒவ்வொரு தட்டுக்கும் கும்பலாக வருகின்றன. அவசரக்காரத் துளி முதலில் நுழைந்துவிடுகிறது. தாமதமாக வந்தது வெளியே நிற்கிறது. பெட்டி கேட்டதெல்லாம் அவசரக்காரர்களை மட்டும், ஆகவே எல்லோரும் அவசரக்காரர்கள் என்று எழுதுகிறது. தாமதமாக வந்தவற்றில்தான் அவள் இருக்கிறாள்.

துளிகள் கும்பலானதும் பெட்டியில் சிவப்பு எச்சரிக்கை விளக்கு எரிந்திருக்குமே. பார்க்கவில்லையா?

வெளிச்சத்தைக் குறைத்து வைத்தால் பழைய கணக்கே வரும். சாயம் எவ்வளவு வெளுத்தாலும் மிச்சம் இருப்பது அதே தாமதத்தில்தான் பதில் சொல்லும். போதுமான துளிகள் சேர மட்டும் அதிக நேரம் காத்திருக்க வேண்டும். ஆனால் இந்த இரண்டு வாரத்தில் நீங்கள் எரித்த எரிப்பில் எவ்வளவு மிச்சம் இருக்கும் என்று எனக்குத் தெரியாது.

இதோடு கடிதத்தை முடித்து உறையில் போட்டுவிட்டேன். பிறகு பிரித்தேன்.

அன்றைக்குச் சாயங்காலம் வராந்தாவில் நான் சொன்னதில் நீ கேட்டது, "நாளைக்கு யாரும் வர வேணாம்." நான் சொன்னது முழுவதும் இது: "நாளைக்கு யாரும் வர வேணாம்னு சொல்றா. இப்படி வீங்கின முகத்தோட யாரும் பாக்கக் கூடாதாம். அண்ணன் மட்டும் வந்தாப் போதுங்கறா."

"வீங்கின" என்று சொல்லும்போது கதவு அறைந்த சத்தம் கேட்டது. மிச்சத்தைக் கதவிடம் சொன்னேன்.

ஓடி வந்து பிடித்திருக்கலாம். எனக்கும் ரோஷம். அத்தனை நாள் தூங்காத என்னிடம் இவனுக்கு என்ன கோபம் வேண்டிக்கிடக்கிறது என்று நின்றுவிட்டேன். விடிந்தால் தானாக வருவாய் என்று நினைத்தேன். காலையில் போன் செய்தேன், நீ எடுக்கவில்லை. மறுபடி செய்தேன்.

அவள் "அண்ணன் வந்தாச்சா" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். "வந்துட்டே இருக்கான்" என்று சொன்னேன். நான் அவளிடம் கடைசியாகச் சொன்ன வார்த்தை அதுதான்.

நீ ஏன் வரவில்லை என்று இத்தனை மாதமும் உன்மேல் எரிந்துகொண்டிருந்தேன். நான் விடவில்லை என்று நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய் என்பது உன் கடிதத்தைப் பார்க்கும்வரை எனக்குத் தெரியாது. பார்த்த பிறகும் எழுத மனம் வரவில்லை. இந்த வரைகோட்டைப் பார்த்த பிறகுதான் எழுத முடிந்தது.

•

மார்ச் 15

மாப்பிள்ளை,

சிவப்பு விளக்கு எரிந்தது. கண்ணைக் கூசுகிறது என்று அதன்மேல் துணியைப் போட்டு மூடியிருந்தேன். அன்று காலையில் போனும் அடித்தது. யார் என்று பார்த்துவிட்டுத்தான் எடுக்காமல் இருந்தேன்.

இந்தக் கடிதத்தில் பெரியவர் தலைச் சாயத்தைப் பற்றி எழுதலாம் என்று உட்கார்ந்தேன். நாற்காலிக்கு உறை போட்டிருக்கிறார்கள், அது ஒரு நல்ல கதை. வரமாட்டேன் என்கிறது.

அந்தப் பெட்டிக்குக் "கணக்குப்பிள்ளை" என்று பேர் வைத்தது நான்தான். முதல் ஆளைப் பார்த்ததும் கதவைச் சாத்திவிட்டு, மிச்சப் பேரைக் கேட்காமலே கணக்கை முடித்துவிடுகிறான் என்று மாணவர்களிடம் அவனைக் கேலி செய்வேன். எல்லோரும் சிரிப்பார்கள். ஆமை மட்டும் சிரிக்க மாட்டாள். "அண்ணா, நீ கண்ணாடியே பாக்கறதில்லையா?" என்பாள். வழுக்கையைச் சொல்கிறாள் என்று நினைத்தேன்.

அவளுடைய அந்தக் கடைசி நாள் முழுவதும் நான் எங்கே இருந்தேன் தெரியுமா? இங்கேதான். இதே அறையில். அவளைப் பார்க்க விடாவிட்டால் போகட்டும் என்று வீம்புக்கு ஸ்லைடை வைத்துத் தட்டிக்கொண்டிருந்தேன். அது பதில் சொல்லிக்கொண்டிருந்தது. அவள் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். நான் பதில் சொல்லவில்லை.

ஸ்லைடை எடுத்துக் கறுப்புக் காகிதத்தில் சுற்றி ஓர் அட்டைப் பெட்டியில் வைத்துவிட்டேன். காலைச் சோதனைக்கு நீ சொன்ன சாயக் கரைசலே. ஒழுங்காக வேலை செய்கிறது. எந்த வம்பும் பேசாது.

குறைந்த வெளிச்சத்தில் இன்னும் ஒரு தடவை அளக்கலாம் என்று தோன்றுகிறது. அதற்குமேல் தாங்காது. அளந்தால் பழைய கணக்கு வருகிறதா என்று தெரியும், ஆனால் மிச்சமும் போய்விடும். அளக்காமல் அனுப்பினால் மிச்சம் இருக்கும், ஆனால் உங்கள் வீட்டில் அதைப் பார்க்க லேசர் கிடையாது. நானாக முடிவு செய்ய மாட்டேன். நான் முடிவு செய்த லட்சணத்தைத்தான் பார்த்தாயே. நீயும் வாலுவும் சொல்லுங்கள். முழுதாகச் சொல்லுங்கள், கடைசிவரை படிக்கிறேன்.

மச்சான்

•

மார்ச் 22

மச்சான்,

வாலுவிடம் எல்லாவற்றையும் சொன்னேன், வராந்தாவைத் தவிர. மிச்சம் வைப்பதா, பார்ப்பதா என்று கேட்டேன். சாப்பிட்ட தட்டைக் கழுவி வைத்துவிட்டுத்தான் பதில் சொன்னாள். தாமதத்தில் அம்மாவேதான். "பாக்காம வெச்சிருந்தா அது சும்மா கண்ணாடிதானேப்பா" என்றாள்.

சனிக்கிழமை வருகிறோம். குமிழை நான் திருகுகிறேன். நீ தொடாதே.

பட்டனை அவள் அழுத்த வேண்டுமாம்.

•

ஏப்ரல் 5

மாப்பிள்ளை,

நீ பார்க்காத இரண்டு விஷயத்தைச் சொல்வதற்காக எழுதுகிறேன்.

ஒன்று. நீங்கள் வந்த அன்று மத்தியானம் எல்லாம் நகர்ந்தும் நகராமலும் அந்தப் புள்ளிகள் ஒவ்வொன்றாக விழுந்துகொண்டிருந்தபோது, டீ எடுத்து வருகிறேன் என்று வெளியே போனாயே. டீ மெஷின் அன்றைக்கு ஓடவில்லை. அது எனக்குத் தெரியும், உனக்கும் போன கையோடு தெரிந்திருக்கும். வெறுங்கையோடு திரும்பி வர ஏன் அவ்வளவு நேரம் என்று நான் கேட்கவில்லை. நீ வெளியே இருந்தபோதுதான் புள்ளிகள் சேர்ந்து கோடாயின. கணக்குப்பிள்ளை எண்ணைப் போட்டான். வாலு சுவரில் நான் ஒட்டியிருந்த முதல் நாள் தாளைப் பார்த்தாள், திரையைப் பார்த்தாள்.

"அதேதானா மாமா?"

"அதேதான்."

"கொஞ்சம்கூட மாறலையா?"

"கொஞ்சம்கூட இல்லை."

"அம்மா லேட்டுதான்" என்று சிரித்தாள். அப்புறம் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நீ வருவதற்குள் முகத்தைத் துடைத்துவிட்டேன். உன்னிடம் எண்ணை மட்டும் காட்டினோம். நீ என்னிடம் சிவந்த கண்ணை மட்டும் காட்டினாய்.

உங்கள் பஸ் போன பிறகு அந்த ஸ்லைடை இன்னும் ஒரு தடவை வைத்துப் பார்த்தேன். திட்டாதே, நாடாவைத் தாண்டவில்லை. வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். கணக்குப்பிள்ளைக்கு எழுத ஒன்றும் வரவில்லை. கண்ணாடியின் மினுக்கம் மட்டும்தான். சாயம் தீர்ந்துவிட்டது. நான் அவசரப்பட்டுக் கதவைச் சாத்தவில்லை என்பது மட்டும்தான் ஆறுதல். இந்தத் தடவை கடைசித் துளிவரைக்கும் உட்கார்ந்திருந்தேன்.

இரண்டாவது. வாலுவுக்கு அனுப்பலாம் என்று ஸ்லைடைத் துடைத்துப் பஞ்சில் சுற்றினேன். மூலையில் அந்தத் தீற்றல் இருக்கிறதே, நகப்பூச்சு காய்வதற்குள் அழுத்திவிட்டாள் என்று நான் திட்டினேனே, அது. இத்தனை வருடமும் அந்த மூலையைத் தவிர்த்துவிட்டு நடுவில்தான் பார்த்திருக்கிறேன். லேசர் ஆளுக்கு ஓரத்தில் என்ன வேலை? லென்ஸில் தூசி இருக்கிறதா என்று பார்க்கிற சாதாரண பூதக்கண்ணாடி பக்கத்தில் கிடந்தது. சும்மா பிடித்துப் பார்த்தேன்.

ரேகை, மாப்பிள்ளை. சிவப்பில் பதிந்து காய்ந்து கிடக்கிறது. கட்டைவிரல் ரேகை, சுழி சுழியாக, ஒரு கோடுகூட அழியாமல். இடது பக்கத்தில் ஒரு வெட்டு. சின்ன வயதில் என் பிளேடை எடுத்துப் பென்சில் சீவியபோது பட்ட வெட்டு. அதற்கும் அன்றைக்கு நான்தான் அவளைத் திட்டினேன்.

ஸ்லைடையும் பூதக்கண்ணாடியையும் சேர்த்தே அனுப்பியிருக்கிறேன். கறுப்புக் காகிதம் இனி வேண்டாம். லேசரும் வேண்டாம், ஜன்னல் வெளிச்சம் போதும். வாலுவைத் தன் கட்டைவிரலைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொல்.

எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பார்க்கட்டும். குறையாது.

மச்சான்